கர்ப்பிணிகளின் ரத்தம் காட்டிக்கொடுத்த புற்றுநோய்... மருத்துவ உலகம் துரத்தும் புதிய பரிசோதனை!

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லையே என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பெண்கள் ரத்தம் கொடுத்தார்கள். டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாடு குழந்தைக்கு இருக்க வாய்ப்பு உண்டா என்று, தாயின் ரத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பரிசோதனை அது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஓர் ஆய்வகத்துக்கு 2012 முதல் 2014 வரை இப்படி வந்து சேர்ந்த ரத்த மாதிரிகள் 1,25,426. இல்லுமினா என்ற மரபணு நிறுவனத்தின் ஆய்வகம் அது. வந்தவற்றில் 3,757 மாதிரிகளில் குரோமோசோம் கணக்கு இடித்தது. அது ஒன்றும் அதிசயமில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தானே பரிசோதனை! ஆனால், மிகச் சில மாதிரிகள் மட்டும் விசித்திரமாக இருந்தன. ஒரே ரத்தத்தில் பல குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் கிடந்தன. இவ்வளவு குளறுபடியோடு ஒரு கரு வளர்வது நடக்காத காரியம். குழந்தையை மேற்கொண்டு சோதித்துப் பார்த்தால், அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஆய்வகத்தின் இயக்குநரான டாக்டர் மெரிடித் ஹால்க்ஸ்-மில்லருக்கு அந்த முடிவுகளைப் பார்த்ததும் சந்தேகம் தட்டியது. குரோமோசோம்கள் இப்படித் தாறுமாறாகக் கலைந்து கிடப்பது புற்றுநோய்க் கட்டிகளில்தான். அப்படியென்றால், கோளாறு குழந்தையிடம் இல்லை... தாயிடம்!

சந்தேகம் பொய்யாகவில்லை. ரத்தம் கொடுத்தபோது எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்த பெண்களில் 10 பேருக்குப் புற்றுநோய் இருந்தது பின்னர் உறுதியானது. 2015-ல் இந்த விவரம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அதன் பிறகு, இதேபோல விசித்திரமான முடிவு வந்த 107 பெண்களை அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் அழைத்து, உடல் முழுக்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. 2024-ல் வெளியான முடிவின்படி, 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஏறக்குறைய பாதிப்பேர்!

தேடாமலே இவ்வளவு கிடைக்கிறதென்றால், தேடினால்? ஆண், பெண், யாராக இருந்தாலும் ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து, புற்றுநோயை முளையிலேயே பிடித்துவிட முடியாதா? கடந்த பத்து ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான டாலர்கள் இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டிருக்கின்றன.

ரத்தத்தில் மிதக்கும் துணுக்குகள்

உடலில் செல்கள் ஓயாமல் செத்துக்கொண்டும் புதிதாகப் பிறந்துகொண்டும் இருக்கின்றன. ஒரு செல் சாகும்போது, அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. சில மணி நேரத்துக்குள் உடலே அதைச் சுத்தம் செய்துவிடும். அதற்குள் புதிய துண்டுகள் வந்துவிடும்.

இப்படி ரத்தத்தில் டி.என்.ஏ. மிதக்கிறது என்று 1948-லேயே பிரான்ஸில் இரண்டு விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். மாண்டெல், மெத்தே என்ற அந்த இருவரின் கட்டுரையை அப்போது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1977-ல், புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் துண்டுகள் அதிகமாக இருப்பது தெரியவந்தது. 1997-ல் டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் மருத்துவர், கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ.வும் மிதப்பதைக் கண்டுபிடித்தார். கலிஃபோர்னியாவில் நடந்த பரிசோதனைக்கு விதை அதுதான்.

கட்டி இருந்தால் கட்டியின் துண்டுகளும் ரத்தத்தில் மிதக்கும். சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் பெரும்பகுதி ரத்த வெள்ளையணுக்களில் இருந்து வருபவை. சிறிய கட்டியிலிருந்து வருபவை, ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு ஒன்றோ இரண்டோதான். அரிசி மூட்டையில் விழுந்த குருணையைத் தேடுவது போன்ற வேலை. எது கட்டியின் துண்டு என்று எப்படி அடையாளம் காண்பது?

மரபணு எழுத்துகளில் ஏற்படும் பிழைகளை, அதாவது ‘மியூட்டேஷன்’களைத் தேடலாம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், வயது ஏற ஏற ரத்த அணுக்களிலும் இப்படிப்பட்ட பிழைகள் சேர்ந்துவிடுகின்றன. புற்றுநோய் இல்லாதவரின் ரத்தமும் புற்றுநோய் இருப்பதுபோல ஏமாற்றிவிடும். தவிர, பிழை இருப்பது தெரிந்தாலும் அது நுரையீரலில் இருந்து வந்ததா, குடலில் இருந்து வந்ததா என்று சொல்வது கடினம்.

அப்போதுதான் விஞ்ஞானிகளின் பார்வை மெத்திலேஷன் பக்கம் திரும்பியது.

ஒரே புத்தகம்... வேறு வேறு சமையல்!

ஓர் அப்பார்ட்மென்ட்டில் எல்லா வீட்டிலும் ஒரே சமையல் புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனால், ஒரு வீட்டில் டிபன் மட்டும்தான் செய்வார்கள். இன்னொரு வீட்டில் பலகாரம் மட்டும். வேண்டாத பக்கங்களை எல்லாம் க்ளிப் போட்டு மூடிவிடுவார்கள். புத்தகம் ஒன்றுதான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம்.

உடலிலும் அப்படித்தான். கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். கல்லீரலுக்குத் தேவையில்லாத பக்கங்கள் அங்கே மூடிக் கிடக்கும். தோலுக்குத் தேவையில்லாதவை இங்கே மூடிக் கிடக்கும். அந்த க்ளிப்புகளில் ஒன்றுதான் ‘மெத்தில்’. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த குட்டி வேதிப்பொருள். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான ஏ, டி, ஜி, சி-யில், ‘சி’ எழுத்தின் மேல் இது போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதற்குத் தோதான இடங்கள் மனித டி.என்.ஏ.வில் சுமார் 2 கோடியே 80 லட்சம் இருக்கின்றன.

புற்றுநோய் வந்த செல்லில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. மூடியிருக்க வேண்டிய பக்கங்கள் திறந்துகொள்கின்றன. செல்லின் வளர்ச்சிக்கு பிரேக் போடும் மரபணுக்களின் பக்கங்களோ மூடிக்கொள்கின்றன. புற்றுநோய்க் கட்டிகளில் மெத்தில் குறைந்துபோயிருப்பதை 1983-லேயே அமெரிக்காவின் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் காட்டினார்கள். இப்படிப்பட்ட மாற்றங்கள் ஒன்றிரண்டு இடங்களில் அல்ல, ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கின்றன. அதனால், ரத்தத்தில் மிதக்கும் ஒரு துண்டில் எங்கெங்கே க்ளிப் இருக்கிறது என்று பார்த்தால், அது புற்றுநோய்ச் செல்லுடையதா என்று ஊகிக்கலாம். எந்த வீட்டுப் புத்தகத்தில் இருந்து கிழிந்த பக்கம், அதாவது எந்த உறுப்பில் இருந்து வந்தது என்பதையும் ஊகிக்கலாம்.

க்ளிப் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. டி.என்.ஏ.வை பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தில் ஊறவைத்தால், மெத்தில் ஒட்டாத ‘சி’ எல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும். மெத்தில் ஒட்டிய ‘சி’ மட்டும் மாறாமல் நிற்கும். பிறகு எழுத்துகளை வரிசையாகப் படித்தால், எங்கே ‘சி’ மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் மெத்தில் இருந்தது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் மரியான் ஃப்ரொம்மர் குழு 1992-ல் வெளியிட்ட இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிடைக்கும் லட்சக்கணக்கான துண்டுகளின் அமைப்பைப் பிரித்துப் பார்ப்பது கம்ப்யூட்டரின் வேலை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததா?

2007 முதல் 2014 வரை சீனாவின் தைஜோ நகரில் ஆரோக்கியமான 1,23,115 பேரிடம் ரத்தம் வாங்கி உறைய வைத்தார்கள். கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய் வழக்கம்போல வாழ்ந்தார்கள். காலப்போக்கில் அவர்களில் சிலருக்கு வயிறு, உணவுக்குழாய், பெருங்குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வந்தது. ரத்தம் கொடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்ட 191 பேரின் பழைய ரத்தத்தை விஞ்ஞானிகள் எடுத்து, மெத்திலேஷன் பரிசோதனை செய்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. 100-க்கு 95 பேரின் ரத்தத்தில் அப்போதே நோயின் அடையாளம் இருந்தது!

உலகமே திரும்பிப் பார்த்த செய்தி இது. ஆனால், ஆராய்ச்சியாளர்களே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள். இந்தப் பரிசோதனை வருங்காலத்தைச் சொல்லும் ஜோசியம் அல்ல. அறிகுறி காட்டாமல் அப்போதே உள்ளே இருந்த நோயைத்தான் அது பெரும்பாலும் பிடித்திருக்கும். நோய் வந்தவர்களைப் பொறுக்கியெடுத்துச் செய்த சிறிய ஆய்வு என்பதால், பெரிய அளவில் செய்து பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

எண்கள் சொல்லும் உண்மை

பெரிய அளவில் செய்து பார்க்க, இல்லுமினா நிறுவனமே 2016-ல் ‘கிரெய்ல்’ என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கியது. மியூட்டேஷன், குரோமோசோம் மாற்றம், மெத்திலேஷன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, மெத்திலேஷன்தான் தோது என்று முடிவுசெய்தார்கள். அதிலிருந்து உருவான ‘கேலரி’ என்ற பரிசோதனை 2021-ல் அமெரிக்காவில் டாக்டர் சீட்டோடு விற்பனைக்கு வந்தது. இரண்டு குழாய் ரத்தம், விலை 949 டாலர், 50-க்கும் மேற்பட்ட வகைப் புற்றுநோய்களைத் தேடும் என்பது அறிவிப்பு.

அதே ஆண்டில் வெளியான ஆய்வு முடிவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புற்றுநோய் உள்ளவர்கள் 100 பேரைப் பரிசோதித்தால், எத்தனை பேரைப் பிடிக்கும்?

* முதல் நிலை: சுமார் 17 பேர்
* இரண்டாம் நிலை: சுமார் 40 பேர்
* மூன்றாம் நிலை: 77 பேர்
* நான்காம் நிலை: 90 பேர்

எந்த நிலையில் பிடித்தால் குணப்படுத்துவது எளிதோ, அந்த நிலையில்தான் இது அதிகம் தவறவிடுகிறது. காரணம் எளிமையானது. கட்டி சிறிதாக இருந்தால், அது ரத்தத்தில் உதிர்க்கும் துண்டுகளும் குறைவு. உறுப்புக்கு உறுப்பும் மாறுகிறது. எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் கணையப் புற்றுநோயில் 100-க்கு சுமார் 84 பேரைப் பிடித்தது. மார்பகப் புற்றுநோயில் சுமார் 30 பேரைத்தான் பிடித்தது.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. கணையம் போன்ற உறுப்புகளில் வரும் புற்றுநோயைப் பொதுமக்களிடம் முன்கூட்டியே தேட, இன்றுவரை வழக்கத்தில் வேறு பரிசோதனையே இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது என்பதுதான் மருத்துவர்களின் ஆர்வத்துக்குக் காரணம்.

‘இருக்கிறது’ என்று வந்தால்?

ஆரோக்கியமான 1,000 பேரைச் சோதித்தால் 5 பேருக்கு மட்டும்தான் தவறாகப் ‘புற்றுநோய் இருக்கலாம்’ என்று வரும். அந்த ஆய்வு சொன்ன கணக்கு இது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால், தெருவில் போகும் 1,000 பேரைப் பிடித்தால் அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே புற்றுநோய் இருக்கும்? ஒரு பேச்சுக்கு 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியை, அதாவது 5 பேரைப் பரிசோதனை பிடிக்கும். தவறாக மாட்டியவர்களும் கிட்டத்தட்ட 5 பேர். ஆக, ‘இருக்கிறது’ என்று சீட்டு வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு நோயே இல்லை!

நிஜத்தில் என்ன நடந்தது என்பதும் தெரியும். அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 6,621 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. 92 பேருக்குப் புற்றுநோய் அடையாளம் இருப்பதாக ரிசல்ட் வந்தது. தொடர்ந்து ஸ்கேன், பயாப்ஸி என்று போனதில், 35 பேருக்குத்தான் புற்றுநோய் உறுதியானது. மீதி 57 பேருக்கு இல்லை.

அந்த 35 பேருக்கு இது வரம். 57 பேருக்கோ, ‘எங்கேயோ புற்றுநோய் இருக்கிறது’ என்ற எண்ணத்தோடு ஸ்கேன் சென்டர் வாசலில் காத்திருந்த நாள்கள்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

‘சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம்’ என்பது எல்லோர் மனதிலும் பதிந்த வாக்கியம். பல நேரங்களில் அது உண்மை. எல்லா நேரமும் அல்ல.

பிரிட்டனில் 2001-ல் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சினைப்பைப் புற்றுநோய் ஆய்வு நடந்தது. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்த குழுவில், நோய் ஆரம்ப நிலையிலேயே அதிகம் பிடிபட்டது. அத்தனை பேரும் மகிழ வேண்டிய முடிவு. ஆனால், 2021-ல் மரணக் கணக்கைப் பார்த்தபோது, பரிசோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

தென்கொரியாவின் அனுபவம் இன்னொரு பாடம். அங்கே உடல் பரிசோதனையோடு சேர்த்துக் கழுத்தையும் ஸ்கேன் செய்யும் பழக்கம் பரவியது. 1993-லிருந்து 2011-க்குள் தைராய்டு புற்றுநோயாளிகளின் விகிதம் 15 மடங்கு ஏறியது. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. கடைசிவரை தொந்தரவே தராத கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் தைராய்டு சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் நிலைக்கு ஆளானார்கள்.

இந்தப் பாடங்களை மனதில் வைத்துத்தான் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, கேலரி பரிசோதனையை 2021 செப்டம்பரில் பெரும் சோதனைக்கு உட்படுத்தியது. 50 முதல் 77 வயது வரையிலான 1,40,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். எல்லோரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை என மூன்று முறை ரத்தம் எடுக்கத் திட்டம். பாதிப்பேரின் ரத்தத்தை உடனே சோதிப்பார்கள். மறுபாதியின் ரத்தம் சேமிப்பில் இருக்கும். எத்தனை புற்றுநோய் பிடிபடுகிறது என்பது இங்கே முக்கியமல்ல. முற்றிய நிலையில் வருபவர்கள் குறைகிறார்களா என்பதுதான் கேள்வி. 2024-ல், முதல் ஆண்டின் விவரங்களை மட்டும் வைத்து இதை இன்னும் 10 லட்சம் பேருக்கு விரிவுபடுத்த முடியாது என்று அந்த அரசுச் சேவை சொல்லிவிட்டது.

திண்டுக்கல் காட்டிய வழி

ஒரு பரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்விக்கு, உலகமே மேற்கோள் காட்டும் ஒரு விடை தமிழ்நாட்டில் கிடைத்திருக்கிறது.

2000-ம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் கைகோத்து நடத்திய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களுக்குப் பரிசோதனை செய்துகொள்ள அழைப்பு போனது. கருவி, கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து கருப்பைவாயில் தடவுவார்கள். கோளாறு இருக்கும் இடம் சற்று நேரத்தில் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே உறைநிலைச் சிகிச்சையும் செய்தார்கள்.

2007-ல் வெளியான முடிவு: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதம் குறைந்திருந்தது. அதனால் ஏற்பட்ட மரணம் 35 சதவிகிதம் குறைந்திருந்தது.

ரத்தத்தில் மெத்திலேஷனைத் தேடும் பரிசோதனைகள் தாண்ட வேண்டிய உயரம் இதுதான்.

அவை இந்தியாவுக்கும் வந்துவிட்டன. பெங்களூரு ஸ்ட்ராண்ட் லைஃப் சயின்சஸ் நிறுவனம் 2024 டிசம்பரில் ‘கேன்சர்ஸ்பாட்’ என்ற பரிசோதனையை அறிமுகப்படுத்தியது. அதுவும் மெத்திலேஷன் அமைப்பைப் படிப்பதுதான். ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பட்டியலில் இப்படி ஒரு பெயரைப் பார்ப்பவர்கள், பணம் கட்டும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு.

டாக்டரிடம் கேளுங்கள்

* என் வயதுக்கும் குடும்பப் பின்னணிக்கும் இந்தப் பரிசோதனை தேவையா?
* எந்தெந்தப் புற்றுநோய்களை இது தேடுகிறது? முதல் நிலையில் 100-க்கு எத்தனை பேரைப் பிடிக்கிறது?
* ‘இருக்கலாம்’ என்று வந்தால் அடுத்து என்னென்ன ஸ்கேன், எவ்வளவு செலவு?
* அந்த ஸ்கேன்களிலும் எதுவும் தெரியாவிட்டால் என்ன செய்வது?
* ‘இல்லை’ என்று வந்தால், வழக்கமான பரிசோதனைகளைத் தொடர வேண்டும்தானே?

கடைசிக் கேள்விக்கு விடை இப்போதே தெரியும். கட்டாயம் தொடர வேண்டும். வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களிலேயே பரிசோதனை உண்டு. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மலத்தில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது என்று எது இருந்தாலும், ‘ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே’ என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அறிகுறி இருப்பவர் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.